இரண்டு நட்சத்திரம் வாங்கிய இசைத்தட்டு: டேவ் புரூபெக்கின் 'டைம் அவுட்'டும் விமர்சகர்களும்

1960 ஏப்ரல் மாதக் கடைசியில் வந்த 'டவுன்பீட்' இதழில், ஐரா கிட்லர் என்ற விமர்சகர் ஒரு புதிய இசைத்தட்டுக்கு ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம் போட்டார். பியானோ கலைஞர் டேவ் புரூபெக்கின் நால்வர் குழு வாசித்த 'டைம் அவுட்' அது. அன்றைய அமெரிக்க ஜாஸ் வட்டாரத்தில் 'டவுன்பீட்' போடும் நட்சத்திரங்களுக்குத் தனி மரியாதை இருந்தது. இரண்டு என்றால், வாங்காவிட்டால் ஒன்றும் குறைந்துவிடாது என்று அர்த்தம். அடுத்த ஆண்டே அந்த இசைத்தட்டு, ஜாஸுக்கு மட்டுமான பட்டியலில் அல்ல, பில்போர்டின் பொதுவான ஆல்பம் பட்டியலில் இரண்டாம் இடத்தைப் பிடித்தது. பத்து லட்சம் பிரதிகள் விற்ற முதல் ஜாஸ் ஆல்பம் என்ற பெயரும் அதற்குத்தான் கிடைத்தது. 2005ஆம் ஆண்டுக்கான தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலில் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் அதைச் சேர்த்துக்கொண்டது.

இந்தக் கதையை வழக்கமாக ஒரே மாதிரிதான் சொல்கிறார்கள். விமர்சகர்களுக்குக் காது இல்லை, மக்களுக்கு இருந்தது, காலம் மக்கள் பக்கம் தீர்ப்புச் சொல்லிவிட்டது என்று முடித்துவிடுவார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த நாளைய குற்றச்சாட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துவைத்து, தட்டை மறுபடி ஓடவிட்டுப் பார்த்தால், விமர்சகர்கள் சொன்னதில் பாதி சரியாகவே இருக்கிறது. அவர்கள் தவறியது வேறொரு இடத்தில். புரூபெக் என்ற மனிதரைப் பற்றி ஏற்கெனவே வைத்திருந்த தீர்ப்பை இந்தத் தட்டின் மேல் ஒட்டினார்கள். அதில் வாசித்த மற்ற மூவரையும் காது கொடுத்துக் கேட்கவில்லை. இந்தக் கட்டுரையில் நான் நிறுவ விரும்புவது இதைத்தான்.

முதலில் தட்டு. நியூயார்க்கில் கொலம்பியா நிறுவனத்துக்கு 30ஆம் தெருவில் ஒரு ஒலிப்பதிவுக்கூடம் இருந்தது. முன்னாளில் தேவாலயமாக இருந்த உயரமான கட்டடம். அங்கே 1959 ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் மூன்று அமர்வுகளில் பதிவு நடந்தது. பியானோவில் புரூபெக், ஆல்டோ சாக்ஸபோனில் பால் டெஸ்மண்ட், பாஸில் யூஜின் ரைட், டிரம்ஸில் ஜோ மொரெல்லோ. தயாரிப்பாளர் டியோ மசேரோ. ஏழு உருப்படிகளும் குழுவினரே எழுதியவை. உறையில் நீல் ஃபுஜிட்டா வரைந்த அரூப ஓவியம். நிறுவனத்தின் விற்பனைப் பிரிவுக்கு இதில் எதுவுமே பிடிக்கவில்லை என்று புரூபெக் பிற்காலத்தில் பலமுறை சொல்லியிருக்கிறார். கேட்டவர்களுக்குப் பழக்கமான பாட்டு ஒன்றுகூட இல்லை, ஆடுவதற்கு ஏற்ற தாளம் இல்லை, உறையில் ஆள் படமும் இல்லை. நிறுவனத் தலைவர் காடர்ட் லீபர்சன் பிடிவாதமாக நின்றதால்தான் தட்டு கடைக்கு வந்தது. இசை தெரிந்த ஒருவர் இசை நிறுவனத்துக்குத் தலைவராக இருப்பதில் இப்படியும் ஒரு நன்மை உண்டு.

இந்தத் தாள யோசனைக்கு ஒரு பயணப் பின்னணி இருக்கிறது. 1958இல் அமெரிக்க வெளியுறவுத் துறை புரூபெக் குழுவை நீண்ட சுற்றுப்பயணத்துக்கு அனுப்பியது. போலந்து, துருக்கி, இந்தியா, இலங்கை, பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், ஈரான், ஈராக் என்று போன அந்தப் பயணத்தில் சென்னையும் ஒரு நிறுத்தம். பனிப்போர் நாட்களில் ஜாஸைத் தூதுவனாக அனுப்பும் அரசியல் அது. இஸ்தான்புல்லில் தெருவில் வாசித்துக்கொண்டிருந்தவர்களிடம் ஒன்பது அட்சரத் தாளம் ஒன்றைப் புரூபெக் கேட்டார். உங்களுக்கு புளூஸ் எப்படியோ, எங்களுக்கு இது அப்படி என்று உள்ளூர் வானொலி இசைஞர்கள் அவருக்கு விளக்கினார்களாம். அதிலிருந்து பிறந்ததுதான் ஆல்பத்தின் முதல் உருப்படியான 'புளூ ரோண்டோ அ லா டர்க்'.

நமக்கு இதைப் புரிந்துகொள்ள மேற்கத்தியக் குறியீடு வேண்டியதில்லை, சொற்கட்டே போதும். அதன் நடை 'தக தக தக தகிட'. இரண்டு, இரண்டு, இரண்டு, மூன்று என்று போகும் ஒன்பது. மூன்று முறை இப்படி வந்து, நான்காம் முறை 'தகிட தகிட தகிட' என்று சமமாகப் பிரிந்து திரும்பவும் தொடக்கத்துக்கு வரும். 'த்ரீ டு கெட் ரெடி'யில் 'தகிட தகிட தகதிமி தகதிமி' என்று மூன்றும் நான்கும் இரண்டிரண்டு ஆவர்த்தமாக மாறிமாறி வரும். 'டேக் ஃபைவ்' கண்டம்; கண்ட சாபுவில் இரண்டு முன்னாலும் மூன்று பின்னாலும் வருவது இங்கே தலைகீழாகி 'தகிட தக' என்று விழுகிறது. மிருதங்கம் கேட்டு வளர்ந்த காதுக்கு இவற்றில் எதுவும் கடினமல்ல. ஆனால் 1959இல் அமெரிக்க ஜாஸ் ஏறக்குறைய முழுவதும் நாலு அட்சரத்தில்தான் நடந்தது. வால்ட்ஸ் என்னும் மூன்று அட்சரமே அபூர்வம். ஃபாட்ஸ் வாலரின் 'ஜிட்டர்பக் வால்ட்ஸ்', சானி ராலின்ஸின் 'வால்ஸ் ஹாட்', 1957இல் மேக்ஸ் ரோச் முழுக்க மூன்றிலேயே செய்த ஆல்பம் என்று விரல் விட்டு எண்ணிவிடலாம்.

இனி குற்றச்சாட்டுகளுக்கு வருவோம்.

முதலாவதும் பழையதும், புரூபெக் ஸ்விங் பண்ணுவதில்லை என்பது. ஸ்விங் என்பது அட்சரத்துக்கும் அடுத்த அட்சரத்துக்கும் நடுவில் உள்ள இடத்தைச் சமமாக வெட்டாமல், சற்றே நீட்டியும் சுருக்கியும் முன்னே தள்ளும் நடை. கேட்பவரின் கால் தானாகத் தட்டும். ஜாஸ் விமர்சகர்களுக்கு அது அடிப்படைத் தகுதி. அது இல்லாதவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் வெளியாள்தான். புரூபெக் ஐம்பதுகளின் தொடக்கத்திலிருந்தே இந்தக் குற்றத்தைச் சுமந்துவந்தார். கலிஃபோர்னியாவில் மாட்டுப்பண்ணையாளருக்கும் பியானோ ஆசிரியைக்கும் 1920இல் பிறந்தவர். போருக்குப் பின் மில்ஸ் கல்லூரியில் பிரெஞ்சு இசையமைப்பாளர் டாரியஸ் மியோவிடம் படித்தவர். இரண்டு கைகளும் இரண்டு வேறு ஆதார சுருதிகளில் ஒரே நேரத்தில் வாசிக்கும் பழக்கம் அங்கிருந்து வந்தது. அதோடு 1951இல் ஹவாயில் கடலில் குதித்தபோது கழுத்தில் பட்ட அடியால் கைநரம்புகள் பாதிக்கப்பட்டன. வேகமான ஒற்றைச் சுர ஓட்டங்களை விட்டு, கை நிறையச் சுரங்களை அள்ளிக் கட்டையில் இறக்கும் பாணிக்கு அவர் போனதற்கு அந்த வலியும் ஒரு காரணம். விமர்சகர்கள் இதை முரட்டுத்தனம் என்றார்கள்.

அவர்கள் காதில் விழுந்தது பொய்யல்ல. 'புளூ ரோண்டோ'வில் டெஸ்மண்டின் தனிவாசிப்பு முடிந்து பியானோ வரும்போது தாளத்தின் எடை கூடிவிடுகிறது. வழுக்கிக்கொண்டு போன ஒன்று நின்று நின்று நடக்கத் தொடங்குகிறது. அதே ஆண்டில் அதே கூடத்தில் பதிவான மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் புளூ'வில் வின்டன் கெல்லி வாசிக்கும் 'ஃப்ரெட்டி ஃப்ரீலோடர்' உருப்படியைப் பக்கத்தில் வைத்துக் கேட்டால் வித்தியாசம் உடனே தெரியும். கெல்லியின் விரல் பட்டதும் தாளம் லேசாகிறது. புரூபெக்கின் கை பட்டதும் கனக்கிறது. இதைக் குறை என்று ஒருவர் சொன்னால் நான் மறுக்கமாட்டேன்.

இரண்டாவது குற்றச்சாட்டு இன்னும் கூர்மையானது: புதுத்தாளம் என்று விளம்பரம் செய்கிறார்கள், ஆனால் மனோதர்மம் தொடங்கும் இடத்தில் பழைய நாலுக்கே ஓடிவிடுகிறார்கள். 'புளூ ரோண்டோ'வில் இது அப்பட்டம். ஒன்பதில் வருவது முகப்பு மட்டும்தான். டெஸ்மண்டும் புரூபெக்கும் தனியாக வாசிப்பதெல்லாம் சாதாரண நாலு அட்சர புளூஸ். இடையில் ஒன்பதும் நாலும் கொஞ்ச நேரம் மாறிமாறி வந்து வேடிக்கை காட்டும், அவ்வளவுதான். 'ஸ்ட்ரேஞ்ச் மெடோ லார்க்' தாளமில்லாத அழகான பியானோ ஆலாபனையோடு ஆரம்பித்து வழக்கமான நாலில் போய் உட்கார்கிறது. 'கேத்திஸ் வால்ட்ஸ்' நாலில் தொடங்கி மூன்றுக்கு மாறி இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துப் பார்க்கிறது. கடைசி இரண்டும் ஆறு அட்சரம். ஆறு யாருக்கும் பெரிய சவால் அல்ல. ஆக, ஆரம்பம் முதல் முடிவு வரை புதிய கணக்கிலேயே நின்று மனோதர்மமும் செய்த உருப்படி என்றால் 'டேக் ஃபைவ்'வையும், ஓரளவுக்கு 'த்ரீ டு கெட் ரெடி'யையும் சொல்லலாம். நம் சங்கீதத்தில் கண்ட நடையில் பல்லவியைத் தொடங்கிவிட்டுக் கல்பனாஸ்வரம் முழுவதையும் ஆதி தாளத்தில் பாடினால் எந்த ரசிகர் சும்மா இருப்பார்? புரட்சி என்ற சொல்லை இந்த ஆல்பத்துக்குத் தாராளமாக வழங்குபவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பதில்லை.

மூன்றாவதை யாரும் நேரடியாக எழுதவில்லை, ஆனால் எல்லோர் மனதிலும் இருந்தது. புரூபெக் வெள்ளையர். ஜாஸ் கறுப்பினத்தவரின் படைப்பு. 1954 நவம்பர் 8 இதழில் 'டைம்' பத்திரிகை புரூபெக்கின் படத்தை அட்டையில் போட்டது. அப்போது அவரும் டியூக் எலிங்டனும் ஒரே சுற்றுப்பயணத்தில் இருந்தார்கள். ஓட்டல் அறைக் கதவைத் தட்டி, அந்த இதழைக் கையில் கொடுத்தவர் எலிங்டன்தான். தனக்கு முன்னால் அவருக்கு வந்திருக்க வேண்டிய மரியாதை அது என்ற கூச்சம் புரூபெக்கை ஆயுள் முழுவதும் விடவில்லை. எலிங்டனின் முறை 1956இல்தான் வந்தது. கல்லூரிகளில் அரங்கம் நிறைந்த கூட்டம், பெரிய நிறுவனத்தின் ஒப்பந்தம், 'டவுன்பீட்' வாசகர் வாக்கெடுப்பில் தொடர்ந்து வெற்றி என்று எல்லாம் ஒருவருக்கே சேரும்போது, அதைவிடப் பெரிய கலைஞர்கள் சிறிய கிளப்புகளில் அரைச் சம்பளத்துக்கு வாசிப்பதைப் பார்த்த விமர்சகருக்குக் கோபம் வருவது நியாயமே. அந்தக் கோபத்தின் அறத்தை நான் மதிக்கிறேன்.

ஆனால் அந்தக் கோபம் ஆளை மாற்றி அடித்தது. ஆல்பம் வெளிவந்த சில வாரங்களில், 1960 தொடக்கத்தில், அமெரிக்காவின் தென்மாநிலங்களில் 25 கல்லூரிகளில் வாசிக்கக் குழுவுக்கு ஏற்பாடாகியிருந்தது. பாஸ் வாசிக்கும் யூஜின் ரைட் கறுப்பினத்தவர், அவருக்குப் பதில் வெள்ளையர் ஒருவரை அழைத்துவாருங்கள் என்று கல்லூரிகள் நிபந்தனை போட்டன. புரூபெக் மறுத்துவிட்டார். இருபதுக்கும் மேற்பட்ட கச்சேரிகள் கைவிட்டுப் போயின. அந்த நாளில் அது சிறு தொகை அல்ல. இரண்டாம் உலகப் போரின்போதே ராணுவத்தில் கறுப்பரும் வெள்ளையரும் கலந்த இசைக்குழுவை நடத்தியவர் அவர். பின்னாளில் லூயி ஆர்ம்ஸ்ட்ராங்கை வைத்து, நிறவெறியையும் அரசின் இசைத்தூதுவர் திட்டத்தையும் ஒருசேர எடைபோட்ட 'தி ரியல் அம்பாஸடர்ஸ்' இசைநாடகத்தை மனைவி அயோலாவோடு சேர்ந்து எழுதினார். ஒழுக்கம் நல்ல இசைக்குச் சான்று ஆகாது என்பது உண்மைதான். ஆனால் இனத்தை அளவுகோலாக எடுத்தவர்கள் இதையும் அளந்திருக்க வேண்டும்.

விமர்சகர்களின் நிலைமையையும் பார்க்க வேண்டும். 1959 ஜாஸுக்கு விசித்திரமான விளைச்சல் ஆண்டு. 'கைண்ட் ஆஃப் புளூ' ஆகஸ்டில் வந்தது. சார்லஸ் மிங்கஸின் 'மிங்கஸ் ஆ அம்', ஆர்னெட் கோல்மனின் 'தி ஷேப் ஆஃப் ஜாஸ் டு கம்' இரண்டும் அதே ஆண்டு. ஜான் கோல்ட்ரேன் 'ஜயண்ட் ஸ்டெப்ஸ்' பதிவையும் அந்த ஆண்டில்தான் முடித்தார். நவம்பரில் நியூயார்க்கின் ஃபைவ் ஸ்பாட் கிளப்பில் கோல்மன் வாசிக்கத் தொடங்கியதும், இது இசையா இல்லையா என்று ஊரே இரண்டுபட்டது. ராகக் கட்டுமானமே இடிந்துகொண்டிருக்கும்போது, விளையாட்டான பெயர்களோடு ஐந்தையும் ஒன்பதையும் கொண்டுவந்த ஒரு தட்டு, வரவேற்பறையில் போட ஏற்ற இசையாகத் தெரிந்ததில் ஆச்சரியமில்லை. இதே 'டவுன்பீட்' 1961இல் கோல்ட்ரேனும் எரிக் டால்ஃபியும் வாசித்ததை ஜாஸுக்கு எதிரான ஜாஸ் என்று ஜான் டைனன் கண்டித்ததையும் அச்சிட்டது. மென்மையாக இருந்தாலும் அடி, முரடாக இருந்தாலும் அடி. விமர்சனத்தை அந்தந்த நாளின் ஆவணமாகத்தான் படிக்க முடியும்.

இசைக்கலைஞர்கள் என்ன நினைத்தார்கள் என்பதுதான் எனக்கு அதிக எடையுள்ள சாட்சியம். மைல்ஸ் டேவிஸ் புரூபெக்கின் 'இன் யுவர் ஓன் ஸ்வீட் வே', 'தி டியூக்' இரண்டையும் எடுத்து வாசித்தார். மிங்கஸ் 1955இல் 'டவுன்பீட்'டில் மைல்ஸுக்கு எழுதிய பகிரங்கக் கடிதத்தில், நியூபோர்ட் ஜாஸ் விழாவில் கூட்டம் முழுவதையும் காலால் தாளம் போட வைத்தவர் புரூபெக் என்று அவர் பக்கம் நின்றார். ஜாஸின் இலக்கணத்தையே உடைத்த செசில் டெய்லர் இளவயதில் புரூபெக்கைக் கேட்டு, அந்தக் கனத்த சுரக்கொத்துகளால் ஈர்க்கப்பட்டவர். இன்னொரு புரட்சிக்காரரான ஆந்தனி பிராக்ஸ்டன் 1974இல் அவரோடு சேர்ந்தே பதிவு செய்தார். நடுப்பாதை விமர்சகர்கள் குறை என்று தள்ளிய அதே கனம், எல்லை தாண்டப் போகிறவர்களுக்குக் கச்சாப்பொருளாக இருந்திருக்கிறது. கிட்லரின் நட்சத்திரக் கணக்கில் இதற்கு இடமே இல்லை.

இப்போது 'டேக் ஃபைவ்'. விமர்சகர்கள் அதிகம் தவறவிட்டது இங்கேதான். பியானோ கலைஞரின் ஆல்பம் என்று சொல்கிறோம். உலகமே அறிந்த இந்த உருப்படியை எழுதியவர் பியானோக்காரர் அல்ல, பால் டெஸ்மண்ட். கச்சேரிகளுக்கு நடுவே மொரெல்லோ ஐந்தில் தட்டிக்கொண்டிருப்பதைக் கேட்ட புரூபெக், அதற்கு ஒரு மெட்டு எழுதச் சொன்னார். டெஸ்மண்ட் தனித்தனியாக இரண்டு மெட்டுகளைக் கொண்டுவந்தார். அவற்றை முன்னும் நடுவும் பின்னுமாக அடுக்கி உருப்படியாக்கியது புரூபெக். ஜூன் 25 அமர்வில் இருபது தடவைக்கு மேல் முயன்றும் ஐந்து உட்காரவில்லை. ஜூலை 1 அன்றுதான் சரியாக வந்தது. 2020இல் புரூபெக் குடும்பத்தார் வெளியிட்ட 'டைம் அவுட்டேக்ஸ்' தொகுப்பில் அந்தப் பழைய முயற்சியைக் கேட்கலாம். மொரெல்லோவின் நடை இன்னும் நிலைகொள்ளவில்லை, மற்றவர்கள் ஐந்தை எண்ணிக்கொண்டே வாசிக்கிறார்கள் என்பது நன்றாகத் தெரிகிறது. வெளிவந்த பதிவில் எண்ணுவது நின்றுபோயிருக்கிறது.

அதில் புரூபெக் தனியாக ஒரு சுரம்கூட வாசிப்பதில்லை. ஐந்தரை நிமிடத்தில் பெரும்பகுதியும் இரண்டே சுரக்கொத்துகளை 'தகிட தக'வில் திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டிருக்கிறார். டெஸ்மண்டின் சாக்ஸபோன் கரகரப்பே இல்லாத தெளிவோடு மேலே மிதந்து போகிறது. பிறகு மொரெல்லோவின் முறை. நம் தனி ஆவர்த்தனத்தில் மற்றவர்கள் வாத்தியத்தை வைத்துவிட்டுக் கையால் தாளம் போடுவார்கள். இங்கே அந்தக் கை, பியானோவும் பாஸும்தான். மொரெல்லோ வேகம் காட்டவில்லை. ஓர் அடி, பிறகு இடைவெளி. அடுத்த அடி நாம் எதிர்பார்க்கும் இடத்துக்கு ஒரு நூலிழை தள்ளி விழும். கால்மேளம் தனக்கென்று ஒரு கணக்குப் போட, சிம்பல் வேறொன்று சொல்லும். அத்தனை மௌனத்தை ஒரு டிரம்ஸ் வாசிப்பில் விட்டுவைக்கும் துணிச்சல் அவருக்கு வந்தது, அடியில் பியானோ ஆடாமல் அசையாமல் நின்றதால்தான். ஸ்விங் பண்ணாது என்று ஒதுக்கப்பட்ட அந்தக் கனத்த கை, இந்த இரண்டு நிமிடங்களுக்கு மேலான வாசிப்பில் குழுவையே தாங்குகிறது. புரூபெக்கின் குறை இந்த உருப்படிக்குத் தேவையான குணமாகிவிட்டது. வேறெந்தப் பியானோ கலைஞராக இருந்தாலும் நடுவில் ஏதாவது செய்யக் கை துறுதுறுத்திருக்கும்.

இதே உருப்படி தனித்தட்டாக 1961இல் மறுபடி வெளியானபோது வானொலி வழியே வீடுவீடாகப் போனது. அமெரிக்கப் பட்டியலில் 25ஆம் இடம், பிரிட்டனில் 6ஆம் இடம். கார்மென் மக்ரே அதை வாய்ப்பாட்டாகப் பாடினார், பிறகு அல் ஜரோ. 2011இல் லாகூரின் சச்சல் ஸ்டூடியோ குழு சிதாரும் தபலாவும் வைத்து வாசித்ததைக் கேட்டு, தொண்ணூறு வயது புரூபெக் மனம் நெகிழ்ந்து பாராட்டினார். பிற்கால விமர்சனமும் மெதுவாகத் திரும்பியது. டெட் ஜியோயா 1992இல் மேற்குக்கரை ஜாஸ் பற்றி எழுதிய நூலில் புரூபெக்கை நிதானமாக மறுபரிசீலனை செய்தார். 1994இல் 'டவுன்பீட்' தன் புகழ்மண்டபத்திலேயே அவரைச் சேர்த்தது. 2009இல் பிபிசி எடுத்த ஆவணப்படம், 1959இல் ஜாஸை மாற்றிய நான்கு ஆல்பங்களில் ஒன்றாக இதை வைத்தது. ஆண்டுவிழாக் கட்டுரைகள் வரும்போதெல்லாம் இரண்டு நட்சத்திரம் ஐந்தாகிவிடுகிறது.

என் கணக்கில் இரண்டும் தவறு. 'டைம் அவுட்' குறையில்லாத ஆல்பம் அல்ல. 'எவ்ரிபடிஸ் ஜம்ப்பின்' உருப்படியை எடுத்துவிட்டாலும் ஆல்பத்துக்கு நஷ்டமில்லை. 'புளூ ரோண்டோ' அதன் முகப்பில் தந்த வாக்கை உள்ளே காப்பாற்றவில்லை. தாளச் சோதனை என்று பார்த்தால் இரண்டு ஆண்டு கழித்து வந்த 'டைம் ஃபர்தர் அவுட்'டில் ஏழு அட்சரத்தில் கைதட்டலோடு ஓடும் 'அன்ஸ்கொயர் டான்ஸ்' இதைவிடத் தைரியமானது. ஆனால் 'ஸ்ட்ரேஞ்ச் மெடோ லார்க்'கின் தொடக்கப் பியானோ, 'த்ரீ டு கெட் ரெடி'யின் குறும்பு, 'டேக் ஃபைவ்' முழுவதும் என்று இந்த மூன்றுக்காக அது எந்த ஜாஸ் சேகரிப்பிலும் இருந்தே ஆக வேண்டிய தட்டு. நான் போடுவதென்றால் நான்கு நட்சத்திரம் போடுவேன். அதில் பெரும்பங்கு மொரெல்லோவுக்கும் டெஸ்மண்டுக்கும் போய்ச்சேர வேண்டும்.

டெஸ்மண்ட் 1977இல் காலமானபோது 'டேக் ஃபைவ்' உரிமைத்தொகை முழுவதையும் அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கத்துக்கு எழுதிவைத்துவிட்டுப் போனார். இன்றும் அந்தப் பாட்டு எங்கே ஒலித்தாலும் பணம் அங்கேதான் போகிறது.